உலகம்மாளின் நாற்காலிக்கான படங்கள்

“ஏன் ஒடியுது?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

மைமூன் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாள். இலையை மடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

“காகிதத்துல நாற்காலி ஒழுங்காத்தான இருக்கு? மரத்துக்கு வந்தா மட்டும் ஏன் ஒடியணும்?”

அவள் எழுந்து போய் இலையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ரசம் ஊற்றியிருந்த கிண்ணத்தையும் கழுவி எதிரே வைத்தாள். இலையைக் கிண்ணத்தின் மேல் பரப்பி, உள்ளங்கையால் உள்ளே அழுத்தினாள்.

இலை கிழிந்தது.

ஆவுடையப்பன் வெகுநேரம் அந்தக் கிழிசலைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“புரிஞ்சிட்டு வாத்தியாரம்மா. கனம் காணாது.”

மைமூன் இலையைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள்.

*

செங்கோட்டைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது மைமூனின் பட்டறை. அங்கே பிளைவுட்டை வளைத்தார்கள்.

மரத்தைத் தாள் கனத்துக்கு உரித்து, அந்தச் சீவல்களைப் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துத் திருகி இறுக்குவார்கள். மறுநாள் அச்சைப் பிரித்தால் பலகை வளைந்தபடியே நிற்கும். ஆணி இல்லை, மூட்டு இல்லை. முதன்முதலில் பார்க்கிறவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் திரும்பிப் போனதில்லை.

ஆவுடையப்பனும் அப்படித் தடவிப் பார்த்தவர்தான். திரும்பிப் போகவில்லை. “எனக்கும் சொல்லித் தாங்க” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குத் தலை முழுக்க நரை. அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பெரிய கும்பிடாக அவருக்குப் போட்டுவிட்டு, அவளிடம் தண்ணீர் கேட்டார்கள். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு விஷயம் தெரிந்து அவர்கள் முழித்த முழியை அவள் நன்றாகவே ரசித்தாள்.

ஆயுள் முழுக்க அரசாங்கக் கட்டடங்களுக்குப் படம் போட்டவர் ஆவுடையப்பன். வரைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தொந்தரவே அதுதான்.

*

அவருடைய நாற்காலிப் படங்களைப் பார்த்து, அந்தப் பட்டறைக்குப் போய்வரும் நானும் வாயடைத்துப் போயிருக்கிறேன். அவற்றைக் கெட்டவை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஒரே பலகை. அது தரையில் தொடங்கும், எழும், மடங்கி இருக்கையாகும், மறுபடி மடங்கி முதுகாக மேலே போகும். வேட்டியை உதறும்போது துணி ஒரு கணம் காற்றில் நிற்குமே, அப்படி நிற்கும். எங்கே முடிகிறது என்று கண் தேடிக்கொண்டே போகும்.

படத்துக்குப் படம் கொஞ்சம் மாறும். ஒன்றில் கால் அகலம், ஒன்றில் கை வைக்க இடம். ஆனால் எல்லாவற்றிலும் முதுகுப் பலகையின் அடியில் ஒரு குழி இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பெண் உட்கார்ந்திருந்தாள். நேராக, அழகாக, கழுத்தை லேசாக நிமிர்த்தி.

பட்டறைச் சுவரில் அவற்றை வரிசையாக ஒட்டியிருந்தார். வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அந்தச் சுவர் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

எதிர்ச்சுவர் வேறு மாதிரி.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒடிந்தது வெளியே போகாது. அச்சிலிருந்து விரிசலோடு வந்த எதையும் அடுப்பில் போட மைமூன் விடமாட்டாள். செய்தவரே அதைக் கொண்டுபோய் எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டும்.

ஆவுடையப்பன் மாட்டினார். விரிசல் தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்.

மைமூன் போகிற போக்கில் ஒவ்வொன்றையும் திருப்பிவிட்டுப் போனாள்.

*

கனத்தைக் கூட்டினார். ஒடிந்தது.

ஒடிந்த இடத்தில் மட்டும் இன்னும் சீவல்கள் வைத்தார். ஒடிந்தது. முன்பு மெதுவாகக் கீறியது, இப்போது சத்தத்தோடு பிளந்தது.

அதற்கு மேலும் வைத்தார். அன்றைக்கு அச்சுக்குள்ளிருந்து கிளம்பிய சத்தத்தில் பட்டறை ஆட்கள் வெளியே ஓடி, மரத்தடியில் நின்று ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

மைமூன் மட்டும் உள்ளே இருந்தாள்.

“அண்ணாச்சி.”

“சொல்லுங்க வாத்தியாரம்மா.”

“அந்தக் குழி எதுக்கு?”

ஆவுடையப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை.

*

உலகம்மாள் அவருடைய மனைவி.

காசநோய் அவளுடைய நெஞ்சுக்கு வரவில்லை, முதுகெலும்புக்கு வந்தது. மருந்தில் நோய் போனது. ஆனால் அரித்த எலும்பு மடங்கி, நடுமுதுகுக்குக் கீழே முஷ்டி அளவுக்குப் புடைத்து நின்றுவிட்டது. எதில் சாய்ந்தாலும் அது இடித்தது. மெத்தையில் சாய்ந்தால் தோல் புண்ணானது.

அதனால் கட்டில் விளிம்பில் உட்காருவாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் ஊன்றி, உடம்பைத் தானே தாங்கிக்கொள்வாள். கை ஓய்ந்தால் படுப்பாள். படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து மறுபடி கையை ஊன்றுவாள்.

“சாஞ்சு உக்கார ஒரு வழி பண்ணுங்க. இப்படியே போனா நுரையீரல் தாங்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் இதையெல்லாம் மைமூனிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் படத்திலிருந்த குழியைத் தொட்டுக் காட்டினார்.

“அது இதுக்குள்ள போய் உக்காந்துரும். பின்னால இருந்து பாத்தா வழுவழுன்னு பலகைதான் தெரியும். முன்னால இருந்து பாத்தா அவ நேரா இருப்பா. யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

மைமூன் படத்தின் அருகே போனாள்.

“இது யாரு?”

“உலகம்மாள்தான்.”

“நான் பாத்த மதினி இல்லையே” என்றாள்.

*

அதன்பிறகு அவர் மூன்று நாள் பட்டறைக்கு வரவில்லை.

நான்காம் நாள் வந்தார். நேராகப் படச் சுவருக்குப் போய், ஒவ்வொன்றாகக் கிழியாமல் எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

“போறேன் வாத்தியாரம்மா.”

“மதினிக்கு எப்படி இருக்கு?”

“நேத்து கை ரெண்டும் நடுங்க ஆரம்பிச்சிட்டு. நான் பின்னால உக்காந்து தோளைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். இனிமே அதான் என் வேலை. உயிர் இருக்கிற நாற்காலியா இருந்துட்டுப் போறேன்.”

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மைமூன் அவரைத் தடுக்கவில்லை.

“போங்க. போறதுக்கு முன்னால அந்தச் சுவரையும் தாள்ல பதிச்சு எடுத்துட்டுப் போங்க.”

“எந்தச் சுவரை?”

“நீங்க திருப்பித் திருப்பி மாட்டினீங்கள்லா, அதை.”

ஊடுருவித் தெரிகிற டிரேசிங் தாள்களையும் ஒரு மொட்டைப் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. தோற்றுப்போனவனைத் தோற்ற கதையை எழுதச் சொல்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் வாத்தியாரம்மா சொல்லிவிட்டாள். முதல் பலகை முன்னால் போய் நின்றார். விரிசலின் மேல் தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார்.

விரிசல் தாளில் எழுந்து வந்தது.

ஆயுள் முழுக்க வரைந்தவர் அவர். இதில் வரைய ஒன்றுமே இல்லை. கை வெறுமனே போய் வந்தது.

எல்லாவற்றையும் எடுத்து முடித்து அவளிடம் நீட்டினார்.

மைமூன் அவற்றை வாங்கி ஜன்னலுக்குப் போனாள். முதல் தாளைக் கண்ணாடியில் ஒட்டினாள். அதன்மேல் இரண்டாவது. அதன்மேல் அடுத்தது. விளிம்புக்கு விளிம்பு பொருத்தி, அவசரப்படாமல் ஒட்டிக்கொண்டே போனாள்.

கடைசித் தாளை ஒட்டியதும் நகர்ந்து நின்றாள்.

வெளிச்சம் எல்லாத் தாள்களுக்குள்ளும் புகுந்து வந்தது.

தனித்தனியாக அவை கீறல்கள். சில இடது பக்கம் வளைந்தவை, சில வலது பக்கம். சில கீழே தொடங்கிப் பாதியில் நின்றவை, சில மேலிருந்து இறங்கியவை. இப்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு உருவத்தைச் சுற்றி வளைத்திருந்தன. கீழே கூர்மையாகத் தொடங்கி, நடுவில் அகன்று, மேலே மறுபடி கூர்ந்தது அது. அகல் விளக்கின் சுடர் மாதிரி இருந்தது.

ஒரு கோடுகூட அந்தச் சுடருக்குக் குறுக்கே போகவில்லை.

ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் அறிந்து இதைவிட நல்ல கோடுகளை யாரும் போட்டதில்லை. அவரும் போட்டதில்லை.

“இதை யாரு வரைஞ்சா?” என்றார்.

மைமூன் ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தாள்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியாது அண்ணாச்சி.”

அவர் திரும்பிப் பார்த்தார். பசைக்கறை படிந்த அவளுடைய விரல் காற்றில் அந்தச் சுடரின் கோட்டைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

*

அவள் அந்தத் தாள்களை ஒரே தாளாகப் பிரதி எடுத்தாள். இன்னும் வளைக்காத, தட்டையான சீவல் அடுக்கின் மேல் அதை வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்ன ரம்பத்தை வைத்தாள்.

ஆவுடையப்பனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

“ஓட்டையா?”

“ம்.”

“முதுகு படுற இடம் அது! அங்க மரமே இல்லேன்னா எதுல சாய்வா?”

“மதினியைக் கேளுங்க.”

“பின்னால இருந்து பாக்கிறவங்களுக்குத் தெரியுமே. அப்படியே வெளிய தெரியுமே எல்லாம்.”

“அதையும் மதினியைக் கேளுங்க.”

“அவகிட்ட எப்படிக் கேக்க?”

மைமூன் தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

*

உலகம்மாள் கட்டில் விளிம்பில், கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

“ஒடிஞ்சிட்டாக்கும்?” என்று கேட்டாள். தினமும் அவர் வருகிற நேரத்துக்கு அதுதான் அவள் கேட்கிற கேள்வி. கேலியும் உண்டு அதில், கொஞ்சம் பரிதாபமும் உண்டு.

“இன்னைக்கு ஒண்ணும் ஒடியலை. கொஞ்சம் திரும்பு.”

“எதுக்கு?”

“திரும்பேன்.”

அவள் கையை மாற்றி ஊன்றி, மெதுவாகத் திரும்பினாள். ஆவுடையப்பன் சேலைத் தலைப்பை ஒதுக்கினார். டிரேசிங் தாளை விரித்து, இருக்கை மட்டத்திலிருந்து உயரம் பார்த்து, அவளுடைய முதுகில் வைத்தார்.

புடைத்த எலும்பு முழுவதும் சுடருக்குள் இருந்தது.

கோட்டுக்கு வெளியே ஒரு நூல்கூட இல்லை. கோட்டுக்கு உள்ளே மிச்சமும் இல்லை.

குழியை அந்த இடத்தில் வைத்தவர் அவர்தான். அது அவருக்குத் தெரியும். ஆனால் குழியை வட்டமாகத்தான் வரைந்திருந்தார். நோய் எப்படித் தின்றது, எலும்பு எந்தப் பக்கம் சாய்ந்தது, இதெல்லாம் அவர் வரைந்ததே இல்லை. மரம் எப்படி இதை அறிந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது.

தாளை எடுக்க மறந்து அப்படியே இருந்தார்.

“என்ன, அளவா எடுக்கீங்க?”

“இல்ல உலகு. யாரோ எடுத்து வச்சிருக்காங்க.”

உலகம்மாள் ஊன்றிய கையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள்.

“அந்த எடத்துல நீங்க கை வச்சு ரொம்ப வருசமாச்சு” என்றாள்.

“வலிக்குமேன்னு.”

“வலிக்கத்தான் செய்யும். அதுக்காக நீங்க பாக்கவே மாட்டேன்னு இருந்தா?”

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முதுகு காட்டி அழ வேண்டிய தேவை இல்லை. அவள்தான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டார். பின்னால் இடம் திறந்திருக்கும் என்றார். எல்லாரும் பார்ப்பார்கள் என்றார்.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்கும், அதனால் அடக்கிக்கொண்டாள்.

“இந்த ஊர்ல அதைப் பாக்காதவரு நீங்க ஒருத்தருதான்” என்றாள்.

*

ஆவுடையப்பனே அறுத்தார். கோட்டை விட்டு ரம்பம் விலகவில்லை. அச்சிலும் குழி இருந்த இடத்தைச் செதுக்கி எடுத்தார். கூட்டி வைத்த சீவல்களையெல்லாம் நீக்கினார். கனம், முதன்முதலில் வைத்த கனம்தான். அன்றைக்குக் கிண்ணத்தில் இலை கிழிந்தது கனம் காணாமல் அல்ல, குழிக்குள் அழுத்தியதால்தான் என்று இப்போது அவருக்குப் புரிந்தது.

அச்சை இறுக்கினார்கள்.

பழக்கத்தில் ஆட்கள் வாசல் பக்கமாக நகர்ந்து நின்றார்கள். திருகு ஒவ்வொரு சுற்றாக இறங்கியது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் வரவில்லை.

மறுநாள் அச்சைப் பிரித்தார்கள். பலகை எழுந்து, மடங்கி, மறுபடி மடங்கி மேலே போயிருந்தது. நடுவில் அந்தச் சுடர் திறந்திருந்தது. அதன் வழியாக அந்தப் பக்கத்து மலை தெரிந்தது.

ஒரு ஆள் மெல்லச் செருப்பைக் கழற்றினான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

*

உலகம்மாளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். திறப்புக்குள் கையை விட்டு எடுத்தாள். பிறகு விளிம்பில், கட்டிலில் உட்காருவது போலவே, இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்தாள்.

“சாயட்டுமா?” என்று மைமூனைப் பார்த்துக் கேட்டாள்.

“உங்க நாற்காலி மதினி.”

ஆவுடையப்பன் எப்போதும் முன்னாலிருந்துதான் அவளை வரைந்தார். அந்த நேரத்தில் அவருக்கே தெரியாமல் பின்னால் போய் நின்றிருந்தார்.

உலகம்மாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தாள். தோள்கள் பலகையைத் தொட்டன. விலா தொட்டது. இடுப்பு தொட்டது. திறப்பின் வழியாக, எதிலும் இடிக்காமல், அந்த எலும்பு வெளியே வந்து நின்றது.

எல்லாரும் பார்த்தார்கள்.

உலகம்மாள் மூச்சை இழுத்தாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீள மூச்சை அவளிடம் அவர் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

“உலகு, எப்படி இருக்கு?”

பதில் இல்லை.

“உலகு?”

பயந்துபோய் முன்னால் ஓடி வந்தார்.

அவள் தூங்கிப்போயிருந்தாள். எதிலும் ஊன்றாமல், இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.

ஆவுடையப்பன் மைமூன் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

மைமூன் தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.